தங்கூஸ் கட்டிய ஹார்ப்

எங்கள் கடைக்கு ஹார்ப் வந்து இறங்கியபோது அதைக் கட்டில் என்றுதான் நினைத்தேன். கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே அறுத்து ஒரு பாதியை நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கயிறும் பாதிக்குமேல் அறுந்து தொங்கியது. மாமுவும் சுமட்டுக்காரர்களும் சேர்ந்து அதை வண்டியிலிருந்து இறக்குவதை அத்தா வாசலில் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடைசியில், "இதுல யாரு படுக்குறது?" என்று கேட்டார். அறிவு விஷயத்தில் நான் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

மட்டாஞ்சேரியில் எங்களுடையது பழைய சாமான் கடை. அதில் பாதி உண்மையிலேயே பழசு. மீதி, மாமு பழசாக்கியது. மாமு என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கொச்சங்காடியில் ஒரு கிடங்கின் பின்பக்கம் அவருடைய பட்டறை. போன மாதம் செய்த நாற்காலியைச் சாயா டிகாக்‌ஷனில் குளிப்பாட்டி, சைக்கிள் செயினால் நாலு சாத்து சாத்தி, உப்புத்தாளால் தேய்த்து, ஷூ பாலிஷ் பூசி வெளியே விட்டால், யாரோ டச்சுக்காரன் அதில் உட்கார்ந்து காலாட்டிவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்கள் அதைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். "டூ ஹண்ட்ரட் இயர்ஸ், மேடம்," என்பார் மாமு, கண்ணைக்கூட இமைக்காமல். இப்போது அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. அந்த நரை மட்டும்தான் பட்டறையில் போடாமல் தானாக வந்த பழசு.

சாமான் எடுப்பதில் அவர் கை தப்பியதே இல்லை. எது விற்கும், எது கிடந்து தூசி தின்னும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர், இடிக்கப்போகிற ஏதோ ஒரு பங்களாவிலிருந்து, எந்த மனுஷனும் வாங்காத இந்த ஹார்ப் என்கிற வெள்ளைக்கார வாத்தியத்தைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

மதியச் சோற்றின்போது அத்தா தீர்ப்புச் சொன்னார். "கப்பல் சீசன் முடியறதுக்குள்ள அந்தக் கட்டில் வித்தாகணும். இல்லன்னா நீ ஷார்ஜாவுக்கு ஏறிக்கோ. அங்க எங்க அண்ணன் கடையில ஆள் வேணும், ஆள் வேணும்னு விளிச்சுக்கிட்டே இருக்காங்க. இங்க நீ வச்சு நடத்தினது போதும்."

மாமு தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே குழம்புச் சட்டிக்குள் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே மௌத்தாகிவிட்டதால் தம்பியை வளர்த்ததெல்லாம் அவள்தான். ஷார்ஜா என்ற பேச்சை முன்பொரு தடவை மாமுவே எடுத்திருந்தார். அன்று அம்மா சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். மாமு பேச்சை அதோடு விட்டார். இப்போது அத்தாவே போகச் சொல்கிறார். பாவம், பயத்தில் தலை தொங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு மாமுதான் எல்லாம். பரேடு மைதானத்துக்குப் பந்து விளையாடக் கூட்டிப் போகிறவர் அவர். அத்தா பெல்ட்டை உருவினால் நடுவில் வந்து நிற்கிறவர் அவர். மாமு ஷார்ஜா போய்விட்டால் பெல்ட்டுக்கும் எனக்கும் நடுவில் வெறும் காற்றுதான்.

வழி கண்டுபிடித்தது அம்மா. மூக்கைச் சிந்திவிட்டு, "ஊமைச் சாமானை எவன் வாங்குவான்? வாசிச்சுக் காட்டினா வாங்குவாங்க," என்றாள். யார் வாசிப்பது? வீடே ஒன்றாகத் திரும்பி என் விரல்களைப் பார்த்தது. அவை அப்போதும் தட்டின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நான் அப்போது ஏழாம் கிளாஸ். பெஞ்சைத் தட்டினேன், ஜன்னலைத் தட்டினேன், முன்னால் இருக்கிறவன் தலையைத் தட்டினேன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தபடியே இருக்கும். பள்ளிக்கூடமும் நானும் அதற்குப் பிறகு ரொம்ப காலம் ஒத்துப்போகவில்லை.

"இவன் கை சும்மா இருக்காது. ஒரு டீச்சர்கிட்ட படிக்க விடுவோம், அங்க போயாவது தட்டட்டும்," என்றாள் அம்மா.

படிக்கப்போவது நான்தான் என்றதும் மாமுவின் முகம் பளிச்சென்று தெளிந்தது. "ஆமாக்கா, இவனே சரி. இவனை விட்டா வேற ஆளே கிடையாது," என்றார். என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஹார்ப் டீச்சர் வீடு அக்கரையில், வைப்பின் என்ற ஊரில் இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஐலண்டில் ஒரு பெரிய ஹோட்டலின் முன்கூடத்தில் சாயங்காலமெல்லாம் ஹார்ப் வாசிப்பது அவருக்கு உத்தியோகம். மற்ற நேரம் சர்ச் கல்யாணங்கள். அம்மா வழியில் தூத்துக்குடி என்பதால் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். வயது மாமு வயதுதான் இருக்கும். எப்போதும் அவசரம். பேசிக்கொண்டே கொண்டை போடுவார், கொண்டை போட்டுக்கொண்டே புட்டு தின்பார். அவருடைய ஹார்ப்புக்குத் தனியாக ஒரு சக்கர வண்டி, மெத்தை வைத்த உறை, மழைக்கோட்டு எல்லாம் உண்டு. எனக்கு மழைக்கோட்டு கிடையாது.

சனிக்கிழமை காலையானால் மாமு என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, ஸ்கூட்டரை ஜங்கார் படகில் ஏற்றி, அக்கரைக்குக் கொண்டு போவார். முதல் பாடம், நகம் வெட்டுவது. டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விரலா மோனே, நண்டுக் காலா?" என்று கேட்டு, அவரே உட்கார்ந்து சதையோடு ஒட்ட வெட்டிவிட்டார். அடுத்து, உட்காருவது. நான் தேடி வந்தது வாசிப்பு, இவர் உட்காரச் சொல்லித் தருகிறாரே என்று இருந்தது. ஹார்ப்பை வலது தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும். காலை ஆட்டக் கூடாது. கட்டைவிரல் மேலே நிற்க வேண்டும். காலை ஆட்டக் கூடாது. இழுத்த விரல் உள்ளங்கைக்குள் வந்து மடங்க வேண்டும்.

"மோனே, கால்!"

சுண்டுவிரலுக்கு ஹார்ப்பில் வேலையே இல்லை. மற்ற விரல்களெல்லாம் உழைக்கும்போது அது மட்டும் ஓரமாக நின்று ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் என் நிலைமையும் அதுவாக இருந்ததால் அந்த விரலோடு எனக்கு உடனே சிநேகமாகிவிட்டது.

பிறகு டீச்சர் எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். வீடு முழுக்கச் சத்தம் எழும்பி நின்று ஆடியது. ஜன்னலில் இருந்த காக்கா பறந்துவிட்டது.

"இனி நிறுத்து," என்றார்.

"எப்படி டீச்சர்?"

"ரெண்டு கையையும் விரிச்சு அதுமேல சும்மா வை. அமுக்கண்டா. வச்சா போதும்."

வைத்தேன். சத்தம் அப்படியே உள்ளங்கையில் வந்து படுத்துக்கொண்டது. நான் கை வைத்து ஒரு சத்தம் அடங்கியது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்புறம் வழி சொல்லித் தந்தார். ஹார்ப்பில் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி வெளுப்பு. நடுநடுவே சிவப்பும் கறுப்பும் வரும். "சிவப்பு டோ, நம்ம ஸ. கறுப்பு ஃபா, நம்ம ம. மத்ததெல்லாம் இதுங்களுக்கு அயல்வீடு. சிவப்பை விட்டுட்டா வழி தெரியாம அலைவே, கேட்டியா?" எனக்குப் பிடித்துவிட்டது. எழுத்து இல்லை, கணக்கு இல்லை. சிக்னல் லைட் மாதிரி கலரைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

வீட்டு ஹார்ப்புக்குக் கம்பி கட்டியது மாமு. டீச்சர் சொன்ன கம்பி பெங்களூரிலிருந்து வர வேண்டும். மாமு நேராகத் தோப்பும்படி ஹார்பருக்குப் போய், மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பைத் தடிமன் வாரியாக வாங்கி வந்தார். "சுறா இழுத்தே அறுக்காத சாமான். நீயா அறுக்கப் போற?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதைக் கட்டிய விதம் இருக்கிறதே! சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, மறுபடி சிவப்பு, பச்சை என்று கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி வரிசையாகக் கட்டிவிட்டார். பார்க்க அடிபொளியாக இருந்தது. டீச்சர் வீட்டுச் சிவப்பை நம்பி நம் வீட்டுச் சிவப்பில் கை வைத்தால், யாரோ ஆட்டின் கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"மாமு, கலர் தப்பு."

"வெள்ளைக்காரன் கண்ணால வாங்குறவன்டா. அழகா இருந்தா போதும்."

கப்பல்கள் வர ஆரம்பித்தன. துறைமுகத்தில் ஹாரன் அடித்தால் இங்கே வகுப்பில் என் விரல் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிடும். பள்ளிவிட்டு ஓடி வந்து கடை வாசலில் ஹார்ப்போடு உட்காருவேன். வெள்ளைக்காரர்கள் கலரைப் பார்த்துக் கிட்டே வருவார்கள். நான் வாசிப்பேன். உடனே பக்கத்துக் கடைக்குள் புகுந்துவிடுவார்கள். பக்கத்துக் கடைச் சேட்டனுக்கு அந்த வருஷம் நல்ல வியாபாரம். கூப்பிட்டு எனக்கு ஐஸ்க்ரீம் வாங்கித் தந்தார். "மோனே, நிறுத்திடாதே," என்றார். அத்தா உள்ளே இருந்துகொண்டு காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். மாமு மட்டும் கோபப்பட்டதே இல்லை. "பரவாயில்லடா, பரவாயில்ல," என்று முதுகில் தட்டிக்கொடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைப் பரணில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். சாக்கில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். புத்தம் புதுசு. பழுப்புத் தோல், கீழே நாலு சக்கரம். தரையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினால் பட்டறையின் அந்தக் கோடிக்குப் போய்த்தான் நிற்கும். அதோடு, நாற்காலி தேய்க்கும்போது மாமு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அது சொல்லச் சொல்லத் தனியாக அரபி பேச ஆரம்பித்திருந்தார். எதற்கு என்று கேட்டால், மழைக்காலத்தில் அரபிகள் ஊர் சுற்ற வருவார்கள், அவர்களிடம் வியாபாரம் பேசத்தான் என்றார். நான் அதை நம்பவில்லை. எப்படியும் துரத்தப்போகிறார்கள் என்று மாமுவுக்கு உறுதியாகிவிட்டது, அழுகையை அடக்கிக்கொண்டு பெட்டி கட்டுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து விரல் நுனி கொப்புளம் கட்டுகிறவரை வாசித்தேன். கொப்புளம் உடைந்த பிறகும் வாசித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, ஜங்காருக்குத் திரும்புகிற இடத்தில் மாமு ஸ்கூட்டரை நிறுத்தினார். "இன்னிக்கு மைதானத்துல பதினாலு வயசுக்குக் கீழ டீமுக்கு ஆள் எடுக்குறாங்கடா. போய் விளையாடு. பாடமெல்லாம் போகண்டா. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்த டீமுக்காக நான் வருஷம் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தேன். மைதானத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. கால் இரண்டும் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஜங்காருக்கு விடுங்க மாமு," என்றேன்.

"எந்தாடா உனக்கு இப்படி ஒரு வெறி?"

"நீங்க ஷார்ஜா போகக் கூடாது."

மாமு ஸ்கூட்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஜங்காரில் அக்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் தியாகத்தை நினைத்து மனம் உருகிவிட்டார் என்று நான் கம்பீரமாக நின்றுகொண்டு வந்தேன்.

அன்று டீச்சர் ஒரு சின்ன மெட்டைச் சொல்லித் தந்தார். சர்ச் வாசலிலிருந்து கல்யாணப் பெண் நடந்து வரும்போது வாசிப்பதற்காக அவரே கட்டியது. அதில் ஒரு வசதி உண்டு. பெண் வேகமாக வந்துவிட்டால் பாதியில் முடித்துவிடலாம். சேலை தடுக்கி மெதுவாக வந்தால் திரும்பத் திரும்ப வாசித்து ஓட்டலாம். நான் வாசிக்கும்போது சிவப்பைத் தேடித் தடுமாறுவதைப் பார்த்து டீச்சர் கையை உயர்த்தினார்.

"எந்தா இது? போன வாரம் வழி தெரிஞ்சதே!"

வேறு வழியில்லாமல் வீட்டுக் கலர் வரிசையைச் சொன்னேன். டீச்சர் சிரித்ததில் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அவருடைய பழைய கம்பிகளில் சிவப்பும் கறுப்புமாகப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, கீழே நின்ற மாமுவிடம் கொடுத்தார். "சேட்டா, இதை எடுத்துக் கட்டுங்க. குட்டி பாவம்," என்றார். மாமு கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அது ஜங்காரில் எங்கோ விழுந்துவிட்டதாம். மாமுவுக்கு அந்த நாட்களில் மறதி ரொம்ப அதிகமாகிவிட்டது. கவலையில் இருக்கிறவருக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பாடத்தில் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "கண்ணை மூடு," என்றார். "நான் சர்ச்சுல வாசிக்கிறப்ப கம்பியையா பாக்குறேன்? வாசலைப் பாக்குறேன். பெண்ணு எங்க வந்தான்னு பாக்கணுமில்லே? கம்பி இருக்கிற இடம் தோளுக்குத் தெரியும்."

என் தோளுக்கு என்னைவிட அறிவு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. கன்னத்துக்குக் கிட்டே குட்டிக் கம்பி, கை நீட்ட நீட்டப் பெரிய கம்பி. இரண்டு வீட்டிலும் அது ஒன்றுதான். வாசித்துக்கொண்டிருந்தபோது என் கால் ஆடாமல் இருந்ததாம். டீச்சர்தான் சொன்னார்.

சீசனின் கடைசிக் கப்பல் வந்த அன்று அத்தா புதுச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மா வீட்டில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் தலை நரைத்த ஒரு ஜோடி வந்து நின்றது. அந்த அம்மா ஹார்ப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் கண்ணை மூடினேன்.

டீச்சர் மெட்டின் பெண்ணை வாசலிலிருந்து நடக்கவிட்டேன். பாதி வழியில் அவள் தடுக்கி விழப் பார்த்தாள். பிடித்து நிறுத்தினேன். வந்து சேர்ந்துவிட்டாளா இல்லையா என்று தெரியாததால் மறுபடியும் வாசலுக்கு அனுப்பி நடக்கவிட்டேன். கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் கம்பிகளின்மேல் வைத்தேன். தெருவே அடங்கிய மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தால் அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து நிற்கிறார். கணவர் அத்தாவிடம் விலை கேட்கிறார்.

அத்தா வாயைத் திறப்பதற்குள் மாமு பாய்ந்து நடுவில் வந்துவிட்டார்.

"மேடம், ஸ்ட்ரிங் நாட் ஒரிஜினல். ஃபிஷிங் ஸ்ட்ரிங். ஃபிஷ், ஃபிஷ்!" என்று தூண்டில் வீசுகிற மாதிரி செய்து காட்டினார். "கலர் ஆல் ராங். ஹியர் பிக் கிராக். இன்சைட் பூச்சி ஈட்டிங். திஸ் பாய், ஒன்லி ஒன் சாங்!"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கொஞ்சம் வலித்தது. அத்தா பின்னாலிருந்து மாமுவின் முதுகைக் கிள்ளினார். மாமு நிற்கவில்லை. வேர்த்து வழிந்தபடி பக்கத்திலிருந்த நாற்காலியையும் தட்டிக் காட்டி, "திஸ் ஆல்ஸோ நாட் ஓல்ட். லாஸ்ட் மந்த். மீ மேக்கிங்!" என்றார். அத்தா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கணவர் மாமுவையே பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்து, மாமுவின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். காலையிலிருந்து இந்தத் தெருவில் எங்களிடம் நிஜம் பேசிய முதல் ஆள் நீதான் என்று சொன்னாராம். அத்தா பிறகு வீட்டில் அதைத் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்தார். ஹார்ப்பை வாங்கிக்கொண்டார்கள். அத்தாவை எழுப்பிவிட்டு நாற்காலியையும் வாங்கிக்கொண்டார்கள்.

என்ன மூளை! நிஜத்தைச் சொல்லியே சாமான் விற்கலாம் என்று அந்தத் தெருவில் வேறு எவனுக்குத் தோன்றும்? "அடிபொளி ஐடியா மாமு!" என்று நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மாமு என் தலையில் கை வைத்தார்.

"நீ நல்லா வாசிச்சடா," என்றார். "இவ்வளவு நல்லா வாசிப்பேன்னு நான் நினைக்கவேயில்ல."

வீட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் ஆக்கினாள் அம்மா. சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நல்ல துண்டாகப் பார்த்து மாமுவின் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். "செரி, ஷார்ஜாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கேயே கிட," என்றார் அத்தா. மாமு தலையைக் குனிந்துகொண்டு மென்றார். நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை போலும் என்று நினைத்து, அவர் தட்டிலிருந்து ஒரு துண்டை நான் எடுத்துக்கொண்டேன். ஹார்ப் போனதால் பாடமும் போயிற்று. டீமுக்கும் ஆள் எடுத்து முடிந்திருந்தது. இருந்தாலும் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்கு ஓடினேன். மாமு பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி, கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாலையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எனக்கா மாமு?"

"பின்னே யாருக்கு? வண்டி செஞ்சுக்கோ."

"பெட்டி?"

"இனி எதுக்குடா அது? கடையில வச்சா விலை போகும்."

அவர் துணியில் சாயா டிகாக்‌ஷனை நனைத்துத் தோலின்மேல் ஊறவிட்டார். நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டேன். இந்த வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு. மூலைகளைத் தேய்த்தேன், பிடியைத் தேய்த்தேன், பூட்டைச் செயினால் ரெண்டு போட்டேன். சட்டைப்பையில் சக்கரங்கள் கிடந்து உரசின. சீக்கிரம் முடித்துவிட்டு வண்டி கட்ட வேண்டும் என்று கால் பரபரத்தது.

"போதுமா மாமு?"

"இன்னும் தேய்டா. எத்தனையோ ஊருக்குப் போய் வந்த பெட்டி மாதிரி இருக்கணும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மாமுவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் டீச்சரின் மெட்டு தானாக விசிலாக வந்தது. தேய்க்கிற சத்தமும் விசிலும் சேர்ந்து பட்டறையே அலறியது. அப்போது மாமு இரண்டு கைகளையும் விரித்து என் கைகளின்மேல் வைத்தார். அமுக்கவில்லை, சும்மா வைத்தார். சத்தமெல்லாம் நின்றுவிட்டது. வெகுநேரம் கையை எடுக்கவேயில்லை.

முந்தின நாள் அலைச்சலில் பாவம் களைத்துப்போய்விட்டார் என்று நினைத்து, அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் நானே தேய்த்து முடித்தேன்.